நாலு கோபுரம், ஒரு பாறை: எடிஸ்டோன் கதையைப் பிள்ளைகளோடு கட்டிப் பார்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை பதினோரு பிள்ளைகள். உம்லாங்கா கடற்கரைக்கு எல்லோரும் போய்வந்தவர்கள். 1954-ல் கட்டிய அந்தச் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தை வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். ஒருநாள் ஒரு பையன் கோபுரத்தைக் கரையில் வரையாமல் நடுக்கடலில் வரைந்துவிட்டு, “இப்படிக் கட்ட முடியுமா அக்கா?” என்று கேட்டான். அதற்குப் பதில், நடுக்கடலில் எடிஸ்டோன் என்ற பாறையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய நாலு கலங்கரை விளக்கங்களின் கதை. அதைச் சொல்லத்தான் எனக்கு இரண்டு சனிக்கிழமை தேவைப்பட்டது. நீங்களும் உங்கள் வகுப்பில், அல்லது வீட்டுப் பின்கட்டில், அதைச் செய்து பார்க்கலாம்.

முதல் வருடம் இதைத் தவறாகச் செய்தேன். எடிஸ்டோனில் இப்போது நிற்கிற கோபுரத்தின் படத்தைச் சுவரில் காட்டி, அங்கிருந்து பின்னோக்கிக் கதை சொன்னேன். பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். நிற்பதைக் காட்டிவிட்டால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது? என் அப்பா ராஜபாளையத்துப் பக்கம் கொத்தனார். எந்தச் சுவரைப் பார்த்தாலும் விரிசல் எங்கே என்றுதான் முதலில் தேடுவார். அந்தக் கண்ணோடு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். விழுந்ததிலிருந்து தொடங்குங்கள். அதையும் பிள்ளைகள் கையாலேயே கட்டி, அவர்கள் கண் முன்னாலேயே விழ விடுங்கள்.

எடிஸ்டோன் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் ரேம் ஹெட் முனைக்குத் தெற்கே 14 கிலோமீட்டர் தள்ளி. தண்ணீர் ஏறும்போது மூழ்கிவிடும் பாறை. பிளிமத் துறைமுகத்துக்குப் போகிற கப்பல்களுக்கு அதுதான் எமன். இவ்வளவு தூரத்துப் பாறை நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவந்த ட்ரூரோ கப்பலை நான் அவருக்கு நினைவுபடுத்தினேன். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு அது டர்பன் வந்து சேர்ந்தபோது, துறைமுக வாயிலில் புளஃப் குன்றின் மேல் கலங்கரை விளக்கம் கிடையாது. அங்கே விளக்கு ஏற்றியது 1867-ல்தான். நம் ஆட்கள் இருட்டுக் கரைக்குத்தான் வந்து இறங்கினார்கள். அந்த ட்ரூரோ என்ற பெயரும் கார்ன்வாலில் உள்ள ஓர் ஊரின் பெயர்தான். இதைச் சொன்ன பிறகு அந்தத் தாத்தா இரண்டு சனிக்கிழமையும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் கட்டடச் சுண்ணாம்பு ஒரு பை வாங்குங்கள். ஒரு செங்கல்லை நுணுக்கி, மெல்லிய துணியில் சலித்து, மாவு போலத் தூள் எடுங்கள். சுண்ணாம்பும் மணலும் சேர்த்து ஓர் உருண்டை, சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்து இன்னோர் உருண்டை, எலுமிச்சம்பழ அளவில். இரண்டையும் ஈரத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் நாலு வாரம் வையுங்கள். துணி காயக்கூடாது. இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், கையுறை போட்டு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இது எதற்கு என்பது மூன்றாவது கோபுரத்தில் தெரியும்.

மற்ற சாமான்கள்: கட்டிலுக்கு அடியில் துணி வைக்கிற நீளமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, ஓட்டை உள்ள செங்கல் இரண்டு, ஐஸ்கிரீம் குச்சி, சொசாட்டிக் குச்சி (இறைச்சி கோத்துச் சுடுகிற குச்சி), மைதாப் பசை, பழுப்புத்தாள், மெழுகுவத்தி, களிமண், சர்க்கரைக் கட்டி ஒரு பெட்டி, பல்குத்தும் குச்சி, பச்சை சன்லைட் சோப்புக் கட்டி மூன்று. தொட்டியில் ஒரு செங்கல்லைச் சாய்வாக வைத்து, பாதி மூழ்கும் வரை தண்ணீர் விடுங்கள். சாய்வு முக்கியம், உண்மைப் பாறையும் சாய்வுதான். அலைக்கு, ஐஸ்கிரீம் டப்பா மூடியால் தொட்டியின் மறுமுனையில் முன்னும் பின்னும் தள்ளினால் போதும். வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றாதீர்கள். அதில் எல்லாமே விழும், எது ஏன் விழுந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

முதல் கோபுரம் ஹென்றி வின்ஸ்டன்லியுடையது. செதுக்கு ஓவியர், விசித்திர இயந்திரங்கள் செய்கிறவர், கப்பல்களில் பணம் போட்டவர். அவருடைய கப்பல்கள் இந்தப் பாறையில் மோதி உடைந்தன, அந்த வேகத்தில் தானே கட்டுகிறேன் என்று கிளம்பினார். பாறையில் 12 துளை போட்டு, 12 இரும்புக் கம்பி நட்டு, ஈயம் உருக்கி ஊற்றி இறுக்கினார். வேலை நடக்கும்போதே 1697-ல் பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். 1698 நவம்பர் 14 அன்று மெழுகுவத்திகள் ஏற்றினார். ஒரு குளிர்காலம் கழிந்ததும் அது போதாது என்று கண்டு, மறு வருடம் சுற்றளவையும் உயரத்தையும் கூட்டினார். பால்கனி, காற்றாடி, வாசகங்கள், அலங்காரம் என்று அது ஒரு திருவிழாச் சப்பரம் போலவே இருந்தது.

செங்கல் ஓட்டைகளில் களிமண்ணை நிரப்பி, அதில் 12 சொசாட்டிக் குச்சிகளைக் குத்தி நிறுத்துங்கள். மேலே ஐஸ்கிரீம் குச்சிகளை மைதாப் பசையால் ஒட்டிக் கோபுரம் எழுப்புங்கள். அலங்காரத்துக்கு நேரம் கொடுங்கள், முக்கால் மணி நேரம்கூட. மணி, கொடி, ஜிகினா எது வேண்டுமானாலும் ஒட்டட்டும். தாங்கள் ஆசையாகச் செய்தது போகும்போதுதான் பிள்ளைகளுக்கு வின்ஸ்டன்லியைப் புரியும். பசை முழுக்கக் காயும் முன்பே அலை தொடங்குங்கள். ஐந்தாறு நிமிஷத்தில் பசை கரைந்து, ஒவ்வொரு குச்சியாக மிதந்து வரும். களிமண்ணில் நட்ட சொசாட்டிக் குச்சிகள் மட்டும் நிற்கும்.

அப்போது சொல்லுங்கள். 1703 நவம்பர் 26 இரவு பெரும்புயல். பழுது பார்க்கப் போன வின்ஸ்டன்லி அன்று கோபுரத்துக்குள்தான் இருந்தார். காலையில் பார்த்தபோது அவரும் இல்லை, கோபுரமும் இல்லை, பாறையில் வளைந்த சில இரும்புக் கம்பிகள் மட்டும் இருந்தன. சில நாட்களிலேயே வின்செல்சி என்ற கப்பல் அதே பாறையில் மோதியது.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பு அமைதியாகிவிட்டது. “அப்புறம் ஏன் அங்கேயே மறுபடி கட்டினாங்க?” என்று ஒருத்தி கேட்டாள். நான் வாய் திறக்கும் முன் அவள் தம்பி, “பாறை அங்கேதானே இருக்கு” என்றான். அவனுக்கு ஒன்பது வயது.

இரண்டாவதைக் கட்டியவர் ஜான் ரட்யர்ட், லண்டனில் பட்டு வியாபாரி. கப்பல் தச்சர்களைக் கூட வைத்துக்கொண்டு, கப்பல் மாதிரியே மரத்தில் கட்டினார். மூலை இல்லை, அலங்காரம் இல்லை, வழவழப்பான கூம்பு. அடியில் பாரத்துக்குக் கருங்கல் அடுக்கு. 1709-ல் முடிந்து 46 வருடம் கடலைத் தாங்கியது.

பழுப்புத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியில் கூழாங்கல் போட்டு, வெளிப்புறம் முழுக்க மெழுகுவத்தியைத் தேய்க்கச் சொல்லுங்கள். இரண்டு கூம்பு செய்யுங்கள். ஒன்றைப் பாறையில் வைத்து அலை அடியுங்கள், தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும், கூம்பு அசையாது. முதல் கோபுரத்தை இழந்த பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டட்டும். இரண்டாவது கூம்பை வெளியே எடுத்துப் போய், மணல் நிரப்பிய இரும்புத் தட்டில் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். பிள்ளைகள் நாலடி தள்ளி நிற்க வேண்டும், தீக்குச்சி பெரியவர் கையில். காற்று அடிக்கும் நாளில் இதை விட்டுவிடுங்கள், டர்பன் காற்றை நம்ப முடியாது. கூம்பின் உச்சியில் பற்றவையுங்கள். எந்தக் கடலைத் தடுக்க மெழுகு பூசினோமோ அந்த மெழுகே எரிபொருளாகிவிடும். தீ உச்சியிலிருந்து கீழே இறங்கும்.

1755 டிசம்பர் 2 அன்று இப்படித்தான் நடந்தது. விளக்கறையின் கூரையில் தீ பிடித்தது. காவலர் ஹென்றி ஹாலுக்கு வயது 94. கீழிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை மேலே வீசினார். அண்ணாந்து பார்த்தவர் மேல் கூரையின் ஈயம் உருகி வழிந்தது. தீ இறங்க இறங்கக் காவலர்களும் தட்டுத் தட்டாக இறங்கி, கடைசியில் பாறை இடுக்கில் ஒடுங்கினார்கள். படகில் வந்து மீட்டார்கள். ஈயத்தை விழுங்கிவிட்டேன் என்று ஹால் சொன்னதை யாரும் நம்பவில்லை. சில நாள் கழித்து அவர் இறந்த பிறகு வயிற்றிலிருந்து 200 கிராம் போல ஈயக்கட்டி எடுத்தார்கள். அது இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் 94 வயதில் வாளி தூக்கிய ஒரு மனிதர் சொன்னது உண்மை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் சனிக்கிழமையை இதோடு முடியுங்கள். அடுத்த வாரம் முழுக்க ஜான் ஸ்மீட்டனுக்கு.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் அவர்தான். லீட்ஸ் பக்கத்துக்காரர், கருவிகள் செய்கிறவர், 1756-ல் வேலை தொடங்கியபோது முப்பத்திரண்டு வயது. கல்லில் கட்டுவது என்று முடிவு செய்தார். வடிவத்துக்கு அவர் சொன்ன உவமை ஓக் மரம்: அடி அகன்று, வளைந்து ஒடுங்கி, மேலே நிமிர்ந்து. பனைமரத்தின் தூரைக் காட்டினால் ஊரில் வளர்ந்த பிள்ளைக்குப் புரியும், இங்கே பிள்ளைகளுக்குக் கோயில் வாசல் அரசமரத்தைக் காட்டினேன். பாரம் மட்டும் போதாது, கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, தச்சர்கள் மரத்தில் போடும் டவ்டெயிலைக் கல்லில் செதுக்கினார். புறா வால் விரித்த மாதிரி, கழுத்து குறுகி நுனி அகன்ற நாக்கு. அடி வரிசைகளைப் பாறையையே படிபடியாக வெட்டி, அந்தப் படிகளிலேயே பூட்டினார்.

இதற்குத்தான் சோப்பு. புதுக் கட்டியாக இருக்க வேண்டும், பழையது வெடிக்கும். சுமார் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் வில்லைகளாக அறுங்கள், தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் பிடித்து அழுத்தினால் கத்தியைவிட நேராக வரும். ஒரு வில்லையை இரண்டாக்கி, ஒரு பாதியில் நாக்கு, மறு பாதியில் அதற்கான குழி. அட்டையில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள்: கழுத்து ஒரு சென்டிமீட்டர், நுனி ஒன்றரை. குழியைக் கோட்டுக்கு உள்ளேயே வெட்டி, பிறகு சுரண்டிச் சுரண்டிப் பொருத்துங்கள். அதிகம் வெட்டிவிட்டால் திரும்பாது. என் அப்பா கல் வைக்கும்போது கரணையின் பிடியால் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். சோப்பில் சத்தம் வராது, ஆனால் நாக்கு குழிக்குள் இறங்கும்போது விரலுக்கு ஒரு சின்னப் பிடிப்புத் தெரியும். அதை ஒவ்வொரு பிள்ளையும் உணர வேண்டும். பிறகு இரண்டு பாதியையும் இருபுறமும் இழுக்கச் சொல்லுங்கள். வராது. மேலே தூக்கினால் மட்டும் கழன்று வரும்.

“அப்போ அலை மேலே தூக்கினா?” என்று கேட்பார்கள். கேட்கும் வரை காத்திருங்கள். மேல் வரிசையின் பாரம் ஒரு பதில். இன்னொன்று, வரிசைக்கும் வரிசைக்கும் இடையே ஸ்மீட்டன் செருகிய சலவைக்கல் முளைகள். நாம் பல்குத்தும் குச்சியை ஒடித்துச் செருகுகிறோம். ஆறு வரிசை போதும், மேலே போகப் போக வில்லையைச் சிறிதாக்குங்கள்.

இப்போது அந்தச் சுண்ணாம்பு உருண்டைகள். இரண்டையும் இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மணல் உருண்டை கொஞ்ச நேரத்தில் சரிந்து கூழாகும். செங்கல் தூள் உருண்டை உருண்டையாகவே கிடக்கும். சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து இறுகக் காற்று வேண்டும், கடலுக்குள் அது நடக்காது. ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை வாங்கிச் சுட்டு, இப்படியே உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்தான் தண்ணீரிலும் இறுகுகிறது என்று கண்டார். வேல்ஸ் நாட்டின் அபர்தாவிலிருந்து சுண்ணாம்பும், இத்தாலியிலிருந்து பொசொலானா என்ற எரிமலை மண்ணும் வரவழைத்துக் கலந்தார். பின்னால் சிமெண்ட் வந்த வழியில் இது ஒரு பெரிய படி. எரிமலை மண் செய்த வேலையைத்தான் நம் ஊரில் செங்கல் தூள் செய்தது. அதைச் சுர்க்கி என்போம். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். செங்கல் அளவாக வெந்திருக்க வேண்டும், கருகினது உதவாது என்று அப்பா சொல்வார். அதை நான் உருண்டை பிடிக்கும்போது பிள்ளைகளிடம் அப்படியே சொல்கிறேன்.

1759 அக்டோபர் 16 அன்று 24 மெழுகுவத்திகளோடு அந்தக் கோபுரத்தில் விளக்கு எரிந்தது. உயரம் 22 மீட்டர், நம் உம்லாங்கா கோபுரத்தைவிட ஒரு மீட்டர்தான் கூடுதல்.

சோப்புக் கோபுரத்தை அலையில் வைத்துப் பாருங்கள், நிற்கும். ஆனால் கதை இங்கே முடியவில்லை, அடுத்த கட்டத்தை அவசரப்படாமல் செய்யுங்கள். சர்க்கரைக் கட்டிகளை ஒரு தட்டில் நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் கோபுரத்தைத் தூக்கி வையுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்பூனால் தண்ணீர் விடுங்கள். சர்க்கரை நனைந்து, ஓரம் கரைந்து, உள்ளே குடைந்துகொண்டு போகும். கோபுரம் மெல்லச் சாயத் தொடங்கும். பிள்ளைகள் இணைப்பைத் தொட்டுப் பார்க்கட்டும், ஒன்றுகூட விலகியிருக்காது. 1877-ல் கண்டது அதுதான். பெரிய அலை அடிக்கும்போதெல்லாம் கோபுரம் அதிர்ந்தது. கல்லில் குறையில்லை, அடியில் பாறை அரித்துவிட்டது. கடைக்கால் போனால் மேலே என்ன இருந்து என்ன?

விழும் வரை விடாதீர்கள். தள்ளிப் பார்க்கலாம் என்று பையன்கள் குதிப்பார்கள். ஸ்மீட்டனின் கோபுரம் விழவில்லை, கதையை மாற்ற நமக்கு உரிமையில்லை. சாய்ந்ததும் தூக்கி எடுத்து, மறுபடி செங்கல்மேல் வைத்துவிடுங்கள்.

நாலாவது கோபுரம் ஜேம்ஸ் டக்ளஸ் கட்டியது, அதே பாறைத்திட்டில் சற்றுத் தள்ளி, உறுதியான இடத்தில். 1882 மே 18 அன்று அதில் விளக்கு ஏற்றினார்கள், இன்றும் எரிகிறது. உயரம் 49 மீட்டர். அடியில் நேரான உருளை மேடை, அலை அதில் மோதி உடைந்துவிட்டுத்தான் மேலே வரும். இரண்டாவது செங்கல்மேல் ஒரு காபி டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் காகிதக் குழாய் வைத்தால் போதும். இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

நேரத்தை அடுத்ததற்கு வையுங்கள். பழைய கோபுரத்தை இடித்துப் போடாமல், பொதுமக்களிடம் பணம் திரட்டி, மேல் பகுதியைக் கல் கல்லாகக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, பிளிமத்தில் ஹோ மேட்டில் மறுபடி கட்டினார்கள். 1884-ல் திறந்தார்கள். அடித்தண்டு மட்டும் பாறையிலேயே, புதுக் கோபுரத்தின் பக்கத்தில், இன்றும் நிற்கிறது. சோப்புக் கோபுரத்தைக் கழற்றும் முன் ஒவ்வொரு துண்டிலும் பல்குத்தும் குச்சியால் தமிழ் எண் கீறச் சொல்லுங்கள்: ௧, ௨, ௩. நாலு வரிசையைக் கழற்றி, மண்டபத்தின் மறுகோடியில் உள்ள மேசைக்கு ஒவ்வொருவராகச் சுமந்துபோய் அதே வரிசையில் அடுக்க வேண்டும். கீழ் இரண்டு வரிசையைச் செங்கல்மேலேயே விட்டுவிடுங்கள். எங்கள் வகுப்பில் ௬ என்று கீறிய துண்டு கைமாறி வேறு இடத்துக்குப் போய், மேல் வரிசை உட்காரவே இல்லை. மூன்று பேர் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி அடுக்கினார்கள், யாரும் சொல்லாமலே. தமிழ் எண்களை அன்று கற்றவர்கள் இன்னும் மறக்கவில்லை.

கடைசியாக விளக்கு. 1982-லிருந்து எடிஸ்டோனில் காவலர் கிடையாது, தானே இயங்குகிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை இரண்டு வெள்ளை ஒளி. திரையை இழுத்துவிட்டு, ஒரு பிள்ளையிடம் டார்ச்சைக் கொடுங்கள். உள்ளங்கையால் மூடித் திறந்து இரண்டு வெட்டு, பிறகு இருட்டு. மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று சத்தமாகத் தமிழில் எண்ண வேண்டும், பத்துக்கு மறுபடி இரண்டு வெட்டு. ஒருவர் வேகமாக எண்ணினால் விளக்கு வேறு விளக்காகிவிடும், மாலுமி வேறு பாறை என்று நினைத்துவிடுவான் என்று சொல்லுங்கள். பதினோரு பிள்ளைகளும் ஆளுக்கு ஒருமுறை டார்ச் பிடித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியைக் குறைக்காதீர்கள்.